சபதமும் விடுதலையும்

தூத்துக்குடி செல்லும் வழியில் நாம் ஏறிய புகைவண்டி மணியாச்சிச் சந்திப்பில் நெடுநேரம் நின்றது. பெயர்ப்பலகை இன்று 'வாஞ்சி மணியாச்சி' என்றிருக்கிறது. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், மனைவி உடனிருக்க, இங்கே வண்டிக்குள் சுடப்பட்டு மாண்டார். சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதனும் இவ்விடத்திலேயே தம்முயிரை மாய்த்துக்கொண்டார். ஆஷின் கல்லறை நம் பாளையங்கோட்டையிலுள்ளது.

எனினும் நம் சிந்தை சென்றது, அவ்வழக்கின் முதல் எதிரியாகிய நீலகண்ட பிரமசாரியிடத்தே. அவருக்கு அப்பொழுது வயது இருபத்தொன்று. இரகசியச் சங்கத்திற் சேர்ந்த இளைஞர், காளியின் படத்தின்முன் குங்குமம் கரைத்த நீரைப் பருகி, விரலைக் கீறிக் குருதியால் ஒப்பமிட்டனர் என்று வழக்கிலே சாட்சியம் கூறப்பட்டது. கொலை நிகழ்ந்த இடத்தில் அவர் இல்லை. ஆயினும் சதிக் குற்றத்திற்காக 1912இல் ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். வெளிவந்தபின் பொதுவுடைமைப் பற்றினால் மீண்டும் சிறை புகுந்தார். இறுதியில் நந்திமலைப் பக்கத்தில் ஓம்கார் சுவாமி என்னும் துறவியாய் வாழ்ந்து, 1978இல் மறைந்தார்.

நிற்க. குருதிச் சபதம் கண்ட இவ்வரலாற்றோடு, அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றும் நம் நினைவிற்கு வந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நம் கருத்தன்று; இங்கு நோக்கம் நாட்டு விடுதலை, அங்கோ ஒருவனது வெறி. சார்லஸ் மேன்சன் என்பவனைத் தெய்வம்போற் கொண்ட கூட்டத்தில் லெஸ்லி வான் ஹூட்டன் என்னும் பெண் சேர்ந்தாள். 1969ஆம் ஆண்டு ஆகஸ்டில், தன் பத்தொன்பதாம் வயதில், லா பியாங்கா தம்பதியரின் கொலையிற் பங்குகொண்டாள். 1971இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டே கலிபோர்னியாவில் அத்தண்டனை நீக்கப்பட்டமையால் உயிர் தப்பினாள். மறுவிசாரணைகளின் முடிவில் 1978இல் ஆயுட்சிறை உறுதியாயிற்று. சிறையிலிருந்தே பட்டங்கள் பெற்றாள். 2016 முதல் பரோல் வாரியம் ஐந்து முறை பரிந்துரைத்தும் ஆளுநர்கள் மறுத்தனர். 2023 ஜூலையில், நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக, எழுபத்துமூன்றாம் வயதில் வெளிவந்தாள். மாண்டவரின் உறவினரோ இறுதிவரை அவள் விடுதலையை எதிர்த்தனர்.

அவர்களைக் குறைகூற நமக்கு நாவெழவில்லை. ஆண்டுகளை எண்ணிக் கதவைத் திறப்பது அரசின் தொழில். மன்னிப்பதோ இழந்தவர்க்கே உரியது, அதை எவரும் கேட்டு வாங்கவியலாது. ஆயினும் அது கேளாமலும் வருவதுண்டு. மணியாச்சி நிகழ்ச்சியின் நூற்றாண்டாகிய 2011இல், ஆஷின் பேரமக்கள் வாஞ்சியின் குடும்பத்தாருக்கு நல்லிணக்கமும் நட்பும் கூறிச் செய்தி விடுத்தனர்.

இவற்றை நாம் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. நம் இருபதாம் வயதில், விடுதியில் எண்மர் கூடி, ஒரு மாணவனோடு பேசுவதில்லை எனக் கைமேற் கைவைத்துச் சத்தியம் செய்தோம். அவன் செய்த பிழை யாதென இன்று நினைவில்லை. சத்தியம் மட்டும் நினைவிலுள்ளது. ஒரு பருவத்திற்குள் அவன் படிப்பை விட்டு அகன்றான். எம்மில் ஒருவனேனும் மனமார அவனை வெறுத்தானல்லன். கூட்டம் உரைத்தது, நாமும் உரைத்தோம்.

வண்டி புறப்பட்டது. வீடு திரும்பியதும், அவன் முகவரியைத் தேடியறிந்து ஒரு கடிதம் எழுதினோம். மறுமொழி வரவில்லை. வரவேண்டுமென்று கேட்க நமக்கு உரிமையில்லை.