நிற்பதற்கான வண்டி

நியூசிலாந்தின் தென் தீவைக் கேம்பர்வேனில் சுற்றி வரத் திட்டமிடுகிறவர்கள் முதலில் தாளில் எழுதுவது ஊர்ப் பெயர்களை. கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுப்பது, ஆர்தர்ஸ் கணவாயில் ஏறி மேற்குக் கரையில் ஹோகிடிகாவுக்கு இறங்குவது, ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு, ஹாஸ்ட் கணவாய், வானகா, குவீன்ஸ்டவுன், டி அனாவ், மில்ஃபோர்ட் சவுண்ட், மறுபடி கிறைஸ்ட்சர்ச். கூட்டினால் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் வரும். கையில் பத்து நாள் இருந்தால் நாளுக்கு 180. சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே பகலில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தாராளமான கணக்கு. அந்தத் தாராளத்தை நம்பி இன்னும் இரண்டு ஊர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. இந்தப் பயணத்தில் முதலில் ஒதுக்க வேண்டியவை வெற்று நாட்கள். எங்கும் போகாமல், போன இடத்திலேயே வண்டியை நிறுத்திவைக்கும் நாட்கள். மூன்று நாளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவை இல்லாவிட்டால் கேம்பர்வேன் எடுப்பதில் பொருளே இல்லை.

காரணம் மழையில் இருக்கிறது. தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர் தீவின் நீளத்துக்கு முதுகெலும்புபோல, மேற்குக் கரையை ஒட்டியே ஓடுகிறது. டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேல்காற்று அந்தச் சுவரில் மோதி மேலேறி, சுமந்து வந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒருபுறம் கேரளம் நனைய, மறுபுறம் மழைமறைவில் கிடக்கும் நம் மாவட்டங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே அளவு வேறு. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. மில்ஃபோர்ட் சவுண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல். மலைக்குக் கிழக்கே ஒதுங்கிக் கிடக்கும் அலெக்சாண்ட்ரா ஊருக்கோ 400கூடத் தேறாது. நம் பருவமழைபோல மாதம் பார்த்து வருவதும் இல்லை, கோடையிலும் பெய்யும். ஆகவே, 'ஆறாம் நாள் காலை பனியாறு, ஏழாம் நாள் ஹாஸ்ட்' என்று எழுதிவைப்பது, அந்தக் காலையில் மேகம் விலகியிருக்கும் என்று பந்தயம் கட்டுவதற்குச் சமம்.

மழை காட்சியை மட்டும் மறைப்பதில்லை, பாதையையும் எடுத்துக்கொள்கிறது. மேற்குக் கரையின் தென்பாதிக்கு இருப்பது ஒரே ஒரு நெடுஞ்சாலை, எண் 6. ஹாஸ்ட் வழியாக அது முழுமையாக இணைந்ததே 1965இல்தான். 2019 மார்ச்சில் வைஹோ ஆறு பெருகி, ஃபிரான்ஸ் ஜோசஃப் ஊரை ஒட்டிய பாலத்தை அடித்துக்கொண்டு போனது. இருபத்து சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஃபாக்ஸ் கிளேசியருக்குப் போக, மலையையே சுற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்ட வேண்டியதாயிற்று. புதுப் பாலம் நிற்க 18 நாள் ஆனது. 2016 நவம்பரில் கைகோராவில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது, கிழக்குக் கரையின் முதன்மைச் சாலை ஓராண்டுக்கும் மேல் மூடிக் கிடந்தது. இவை பெரிய நிகழ்வுகள். ஒரு பகல் மட்டும் சாலையை மறிக்கும் மண்சரிவும், மில்ஃபோர்ட் சாலையைக் குளிர்காலத்தில் அடைக்கும் பனிச்சரிவு அபாயமும் அங்கே வாடிக்கையானவை. சாலை திறந்திருக்கும் நாளிலும் வேகம் கிடைக்காது. இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழகியதுதான். ஒற்றைத்தடப் பாலங்கள், கொண்டை ஊசி வளைவுகள், காற்றில் ஆடும் உயரமான வண்டி ஆகியவை பழகியவை அல்ல. 3,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்குச் சட்டப்படியான உச்ச வேகமே மணிக்கு 90தான். வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது நல்லது.

இப்படிப்பட்ட நாட்டில் கேம்பர்வேன் தரும் பெரிய வசதி, காத்திருக்க முடிவதுதான். அடுப்பும் படுக்கையும் கூடவே இருப்பதால், விடுதியறையைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடி இல்லை. ஃபாக்ஸ் கிளேசியருக்கு அருகில் மேத்தசன் ஏரி இருக்கிறது. 3,724 மீட்டர் உயரமுள்ள அஓராகி சிகரம் அதில் தலைகீழாகத் தெரிய, மேகமில்லாத வானமும் காற்றில்லாத நீரும் ஒருசேர அமைய வேண்டும். பெரும்பாலும் அது விடியற்காலையில்தான் அமையும், எந்த விடியலில் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் இரண்டு இரவு தங்குகிறவருக்கு இரண்டு வாய்ப்பு. முற்பகலில் வந்து மாலைக்குள் வானகா சேர வேண்டியவருக்கு ஒன்றுமில்லை. மில்ஃபோர்ட் இதற்கு நேர்மாறு. அங்கே நிரந்தர அருவிகள் போவன், ஸ்டிர்லிங் என்ற இரண்டே. கனமழை பெய்தால் பாறைச் சுவர்களில் நூற்றுக்கணக்கில் புதிய அருவிகள் பிறக்கின்றன. மழையைக் கண்டு திட்டத்தை ரத்து செய்கிறவர் இழப்பது அந்தக் காட்சியை.

இவ்வளவு தூரம், இவ்வளவு செலவு செய்து போகிறோம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மேகம் மூடிய மலையைத் தாண்டிப் போவதைப் 'பார்த்தது' என்று எழுதிக்கொள்ள முடியாது. நிறுத்திய நாளுக்கும் வாடகை ஓடுகிறதே என்பது அடுத்தது. ஓடுகிறது, ஆனால் அன்றைக்கு டீசல் செலவு இல்லை. அங்கே டீசல் வண்டிக்குச் சாலைவரி ஓடிய கிலோமீட்டர் கணக்கில் விழுவதால், அதுவும் இல்லை. வலுவான மறுப்பு முன்பதிவு பற்றியது: கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி இறுதிவரை பள்ளி விடுமுறை, நல்ல முகாம்கள் நிரம்பிவிடும், வெற்று நாள் வைத்தால் இடம் கிடைக்குமா? இதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வாரங்களில் இந்த முறை சிரமமே. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவ்வளவு நெருக்கடி இல்லை. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் எளிய முகாம்கள் பலவற்றில் முன்பதிவே கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பின், உள்ளாட்சி நிலங்களில் இரவு தங்கப் பொதுவாக, பொருத்தப்பட்ட கழிப்பறையும் தன்னிறைவுச் சான்றும் உள்ள வண்டி வேண்டும். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். நிற்க மனமில்லை, நாள்தோறும் ஒரு புது ஊர் வேண்டும் என்பவர்களுக்குக் காரும் விடுதியுமே பொருத்தம்.

பத்து நாளுக்கு என் பரிந்துரை இது: கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்த வண்டியைக் குவீன்ஸ்டவுனில் விடுங்கள். ஒருவழி வாடகைக்குக் கூடுதல் கட்டணம் கேட்கலாம். ஆனால் திரும்பி ஓட்ட வேண்டிய நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மிச்சமாகிறது. அப்படிக் கிடைக்கும் நேரத்தில் ஒரு வெற்று நாளைப் பனியாறுகளின் பக்கத்திலும், இன்னொன்றை டி அனாவிலும் வையுங்கள். மூன்றாவதை எந்த ஊருக்கும் எழுதாமல் விடுங்கள். சாலை அடைபட்டால் அது தேவைப்படும். விமானச்சீட்டு எடுக்கும் முன் இந்த மூன்று நாளைத் தாளில் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு ஊர்ப் பெயர்களை எழுதத் தொடங்குங்கள்.