இரண்டு பச்சைத் திரைகளும் ஒரு ஞாயிறு இரவும்

போன டிசம்பர் லீவில் ஒரு கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போனேன் அல்லவா? "அங்கே என்னதான்டா கிழிச்சே?" என்று கேட்ட வகுப்புத் தோழர்களுக்கு நான் இதுவரை சொல்லாத கதை இது. மற்றவர்களும் படிக்கலாம், சிரிக்கலாம்.

அங்கே இருந்தது ஐபிஎம் பவர் சர்வர். 1988-ல் ஏஎஸ்/400 என்று வந்ததே, அதன் வாரிசு. வெளியே ஒரே பெட்டி, உள்ளே இரண்டு பார்ட்டிஷன். ஒன்று டெஸ்ட். இன்னொன்று கிடங்குக்கு பில் போடுகிற நிஜ சிஸ்டம். ஒரே வீட்டில் தனித்தனி மீட்டர் வைத்த இரண்டு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒவ்வொன்றுக்கும் தனி கன்சோல். பராமரிப்புக்காக எல்லா சப்சிஸ்டத்தையும் நிறுத்திவிட்டால் உள்ளே போக அந்த ஒரு வாசல்தான் மிச்சம். கன்சோல்களை எச்எம்சி என்கிற தனிக் கணினி வழியாகத் திறப்பார்கள். எச்எம்சி படுத்துவிட்டாலும் பார்ட்டிஷன்கள் பாட்டுக்கு ஓடும். நமக்குத்தான் கண் தெரியாது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஞாயிறு இரவு டெஸ்ட் பார்ட்டிஷனுக்கு மட்டும் டவுன்டைம். பேட்ச் போட்டு, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சீனியர் அண்ணா டீ குடிக்கப் போயிருந்தார். என் முன்னால் இரண்டு பச்சைத் திரைகள், அச்சு அசல் ஒரே மாதிரி. பவர் டவுன் கட்டளையை உடனடியாக என்று அடித்தேன். உறுதிதானா என்று ஒரு திரை கேட்டது. மேலே வலது மூலையில் சிஸ்டத்தின் பெயரையும் காட்டியது. யார் படித்தது? தட்டிவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால், டெஸ்ட் ஜன்னல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது!

ஐந்தே நிமிடத்தில் கிடங்கிலிருந்து போன். பில் இல்லாமல் லாரிகள் வாசலில் நிற்கின்றன. ஓடி வந்த அண்ணாவிடம், "எச்எம்சியிலிருந்து பட்டென்று நிறுத்தி, திரும்ப ஆன் பண்ணிடலாமா?" என்று கேட்டேன். "கையை எடு. இப்போ வெட்டினா அது அப்நார்மல் ஐபிஎல். டேட்டாபேஸை சரிபார்த்துட்டு எழுந்திருக்க இன்னும் நேரமாகும்" என்றார். எச்எம்சி திரையில் சி6 என்று தொடங்கும் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 22 நிமிடம். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படி வியர்த்ததில்லை.

நடுவில் அண்ணா ஒரு பழைய கதை சொன்னார். 1999-ல் இந்த வகை சர்வரில் பார்ட்டிஷன் வந்த புதிதில் ஒன்று 'பிரைமரி'. அது விழுந்தால் மற்ற எல்லாமும் கூடவே விழும். 2004-ல் பவர்5 வந்தபோதுதான் அந்தப் பொறுப்பு ஹைப்பர்வைசர் கைக்குப் போனது. "நீ அப்போ பொறந்திருந்தா மொத்தமா முடிச்சிருப்பே" என்றார். திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் காலை அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். அண்ணா அதை அடித்துவிட்டு, "இரண்டு கன்சோலும் ஒரே நிறம்" என்று எழுதினார். இப்போது அங்கே கிடங்கு ஜன்னலுக்குச் சிவப்புப் பின்னணி. மாற்றி வைத்தது நான்தான்.