மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

கட்டுமானத்துக்கென்று ஒரு வரைபடம் ஸைட்டுக்குப் போன பிறகு அதில் எதை மாற்றினாலும், மாறிய இடத்தைச் சுற்றி மேகம் போட வேண்டும். ஆட்டோகேடில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது: ரெவ்கிளவுட். சின்னச் சின்ன வளைவுகளைக் கோத்த ஒரு கோடு, குழந்தை வரைந்த மேகம்போல அந்த இடத்தைச் சூழ்ந்துகொள்ளும். பக்கத்தில் ஒரு முக்கோணம், அதற்குள் திருத்த எண். தாளின் ஓரத்தில் உள்ள திருத்த அட்டவணையில் அதே எண்ணுக்கு ஒரு வரி: தேதி, என்ன மாறியது, வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். அடுத்த திருத்தம் வரும்போது பழைய மேகத்தை எடுத்துவிட்டுப் புதியதற்கு மட்டும் மேகம் போடுவோம். ஆனால் அட்டவணையின் பழைய வரிகளை எடுப்பதில்லை. அந்தத் தாள் கடந்து வந்த வழி அதில் இருக்கிறது.

ஒரு தளத்தின் கம்பி வரைபடத்தில் நூற்றுக்கணக்கான எண்கள் இருக்கும். 10 மி.மீ. கம்பி 150 மி.மீ. இடைவெளியில் என்று இருந்தது 125 என்று மாறுகிறது என்று வையுங்கள். மேகம் இல்லாவிட்டால் ஸைட்டில் இருப்பவர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண் எண்ணாகத் தேட வேண்டும். அதற்குள் கம்பி கட்டுபவர்கள் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் உள்ளே இருக்கும் கம்பியை யார் எண்ணுவது? 'இங்கே மாற்றியிருக்கிறோம், இன்னார் மாற்றினார், இன்னதற்காக மாற்றினார்' என்று சொல்லிவிட்டு மாற்றுகிற நேர்மைதான் அந்த மேகம். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

நான் கோவையில் மகளிர் ஐ.டி.ஐ.யில் படித்தவள். 2 ஆண்டுப் படிப்பு. தொழிலின் பெயர் 'டிராஃப்ட்ஸ்மேன் சிவில்'. வகுப்பு முழுக்கப் பெண்கள்; சான்றிதழில் எல்லோரும் 'மேன்'. அன்று அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

பிறகு ஒரு கட்டமைப்பு வரைபட அலுவலகத்தில் 6 ஆண்டுகள். அங்கே புதிய வரைபடங்கள் ஆண்களுக்குப் போகும். ஸைட்டுக்குப் போக வேண்டியிருக்கும், இரவு தங்க வேண்டியிருக்கும் என்பார்கள். திருத்தங்கள் எங்களுக்கு வரும். "லேடீஸுக்குத்தாங்க பொறுமை" என்பார்கள்.

பொறியாளர் அச்செடுத்த தாளில் சிவப்புப் பேனாவால் குறித்துக் கொடுப்பார். மார்க்கப் என்போம். வெளியிலிருந்து பார்த்தால் சிவப்பைப் பார்த்துக் கறுப்பில் போடுகிற வேலை. உள்ளே நடப்பது வேறு. மாடிப்படிக்குப் பக்கத்தில் உள்ள பீமை 450 மி.மீ. ஆழத்திலிருந்து 600 ஆக்கு என்று ஒரே ஓர் இடத்தில் எழுதியிருப்பார். அந்த பீம் தளப் படத்தில் இருக்கும். வெட்டுத் தோற்றத்தில் இருக்கும். பீம் அட்டவணையில் இருக்கும். கம்பி வளைப்புப் பட்டியலில் அதன் ரிங்குகளின் நீளம் இருக்கும். ஆழம் 150 மி.மீ. கூடினால் படியில் ஏறி வருகிறவருக்குத் தலை இடிக்காதா என்று ஆர்க்கிடெக்ட் கொடுத்த படத்தையும் திறந்து பார்க்க வேண்டும். இடித்தால் பொறியாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் குறித்தது ஓரிடம். மாற வேண்டியது நாலைந்து இடங்கள். மீதியை யாரும் சிவப்பில் குறித்துத் தருவதில்லை. அதைத் தேடிப் பிடிக்கும் மூளைக்குத்தான் அங்கே பொறுமை என்று பெயர்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு, திருத்த வரியின் 'வரைந்தவர்' கட்டத்தில் எங்கள் டீம் லீடரின் இனிஷியல் இருக்கும். யாரும் சதி செய்து போட்டதல்ல. டெம்ப்ளேட்டே அப்படி இருந்தது. கோப்பைத் திறந்தால் அவர் பெயரோடுதான் திறக்கும். தலைப்புக் கட்டத்துக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 7200, ஒப்புதல் தந்தவரின் பெயரைப் போலவே உருவாக்கியவரின் பெயரையும் கட்டாயத் தகவலாக வைத்திருக்கிறது. எங்கள் கட்டமும் காலியாக இல்லை. அதனால்தான் அதில் ஒரு குறை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

நான்காம் ஆண்டு சம்பள உயர்வுப் பேச்சில் மேலாளர் என் கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "உங்க பேர்ல டிராயிங் ஒண்ணுமே இல்லீங்களேம்மா. திருத்தம் மட்டும்தானே பண்ணியிருக்கீங்க?" எனக்கு ஒரு வருடம் கழித்துச் சேர்ந்த பையன் அந்த மாதம் சீனியர் ஆனான். அவன் வரைந்து அனுப்பிய தாள்களில் பலவற்றை மூன்றாம், நான்காம் திருத்தம்வரை கொண்டுபோனது நான். கட்டடம் எழும்பியது கடைசித் திருத்தத்தை வைத்துத்தான், முதல் தாளை வைத்து அல்ல.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கா கண்ணு இப்படி அழுவுற? நான் பண்ணுனதயெல்லாம் யாரு எழுதி வெச்சாங்க?" என்றார்.

அது ஆறுதல் இல்லை, ஆனால் உண்மை. அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது எனக்கு ஒன்பது வயது. அதன் பிறகு அம்மா அந்த வீட்டை எத்தனை முறை திருத்தினார்! இரண்டு வேளை சமையலை ஒரு வேளை ஆக்கினார். முன்னறையைத் தடுத்துத் தையல் மிஷின் போட்டார். நகையை வைத்து என் பள்ளிச் செலவைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் நாங்கள் கவனிக்காதபடி செய்தார். கவனிக்காமல் செய்வதே கெட்டிக்காரத்தனம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மேகம் போடாத திருத்தங்கள். இன்றும் சொந்தக்காரர்கள் சொல்வது, "மில்லு மூடியும் உங்கப்பா எப்படியோ சமாளிச்சுட்டாருப்பா" என்பதுதான். வரைந்தவர் கட்டத்தில் யார் இருக்க வேண்டும் என்று எங்கள் குடும்பத்திலும் டெம்ப்ளேட் முன்பே முடிவு செய்துவிட்டது.

இது என் அம்மாவோடு தொடங்கியதும் இல்லை, கணினியோடு வந்ததும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளங்களில் 'டிரேசர்' என்ற வேலையில் பெண்கள் இருந்தார்கள். ஆண்கள் பென்சிலில் வரைந்ததைத் துணியில் மையால் படியெடுப்பது அவர்கள் வேலை. பட்டறைக்குப் போன பிரதிகள் அந்த மைக்கோட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆனாலும் வரைவாளர் என்ற பெயர் ஆண்களுக்கு; இவர்கள் படியெடுப்பவர்கள்.

நம் ஊரில் இன்னொரு தாள் இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940களில் படித்து, இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதாவின் பட்டச் சான்றிதழ். ஆண்களுக்கென்றே அச்சடித்து வைத்திருந்த படிவம் என்பதால், அதிலிருந்த 'ஹி' என்ற சொல்லை அடித்துவிட்டு 'ஷி' என்று எழுதித் தந்தார்கள். கைக்குழந்தையோடு இருந்த இளம் விதவை அவர். பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் பணிகளிலும் பங்கெடுத்தார். அந்தச் சான்றிதழை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அது கௌரவக் குறைவாகப் படுவதில்லை. புதிதாக ஒரு படிவம் அச்சடித்துக் கொடுத்திருந்தால், அந்தக் கல்லூரி எதை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியாமல் போயிருக்கும். அடித்த கோடுதான் சாட்சி.

அடுத்த வாரம் வந்த திருத்தத்தில் 'வரைந்தவர்' கட்டத்தை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். கட்டத்தில் மூன்று எழுத்துதான் பிடிக்கும். இனிஷியல் போடலாம் என்றால் எந்த இனிஷியல்? கல்யாணத்துக்கு முன் அப்பாவுடையது, பிறகு அலுவலகப் பதிவேட்டில் கணவருடையது. இனிஷியல் மாறினால் பழைய தாளில் இருப்பவளும் புதிய தாளில் இருப்பவளும் வேறு வேறு ஆளாகிவிடுவார்கள். என் பெயரின் முதல் மூன்று எழுத்துகளையே போட்டேன்.

செக்கர் கூப்பிட்டார். "இதென்னம்மா புதுசா?"

"யாரு வரைஞ்சாங்களோ அவங்க பேருதானுங்களே சார் வரணும்? நாளைக்கு ஸைட்ல இருந்து ஒரு கேள்வி வந்தா என்னையத்தானே கூப்பிடுவீங்க?"

கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். உழைப்புக்கான பெயர் என்று கேட்டிருந்தால் தந்திருப்பாரா தெரியாது. பழி வந்தால் தாங்குகிறேன் என்றதும் தந்துவிட்டார். அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது; வந்த வழி எதுவானாலும் கட்டம் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். அந்த மாதமே பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு பெண்களும் தங்கள் பெயரைப் போட ஆரம்பித்தார்கள்.

அந்த அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு கடைசிவரை வரவில்லை. வரைபடங்களை வெளியே எடுத்துப் போகக் கூடாது. அவை நிறுவனத்தின் சொத்து. அதனால் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: எந்த வகைக் கட்டடம், எத்தனையாவது திருத்தம், நான் என்ன கண்டுபிடித்து மாற்றினேன். அடுத்த வேலைக்கான நேர்காணலில் அந்த நோட்டை வைத்துத்தான் பேசினேன். வேலை கிடைத்தது, சீனியராகவே.

இப்போது நான் செக்கர். கல்லூரி முடித்து வரும் பெண்கள் திருத்த வரியில் 'குறித்தபடி திருத்தப்பட்டது' என்று எழுதிக் கொண்டுவருவார்கள். இந்தத் தொழிலிலேயே எனக்குப் பிடிக்காத வாக்கியம் அது. யாரோ குறித்தார், எதுவோ திருந்தியது. செய்தவள் அதில் எங்குமே இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எந்த பீம், எவ்வளவிலிருந்து எவ்வளவு, அதனால் வேறு எங்கெல்லாம் மாறியது என்று எழுதச் சொல்வேன். அப்படி எழுத உட்கார்ந்தால்தான், தான் எவ்வளவு வேலை செய்திருக்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்கே தெரிகிறது. பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.