குரல் தெளியவேண்டும்

தொலைக்காட்சிப் பெட்டிகள் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டு வருகின்றன; திரையோ அகன்றுகொண்டு போகிறது. பெட்டி மெலிந்தபோது பறிபோனது ஒலிபெருக்கிக்கு இருந்த இடம்தான். பல பெட்டிகளில் அது நிலத்தை நோக்கியோ பின்சுவரை நோக்கியோ பொருத்தப்பட்டிருக்கிறது. இளஞ்செவிகள் இதனைச் சமாளித்துக்கொள்ளும். முதியவர்களின் நிலை வேறு.

எண்பது வயதைக் கடந்துவிட்ட எனது தாயார் வானொலி கேட்டுப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவர். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஒலிபரப்பான காலத்தில் அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு வானொலிக்கு அருகில் வந்து அமர்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர் சில வருடங்களாக எங்களுடன் இருந்து படம் பார்ப்பதை மெல்ல மெல்லக் கைவிட்டுத் தனது அறையிலேயே இருக்கத் தொடங்கினார். "எல்லாரும் வாய்க்குள்ளை கதைக்கினம்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஒலியைக் கூட்டினால் இசையும் வெடிச்சத்தமும் கூடினவே தவிர வசனம் தெளியவில்லை.

வயதுடன் முதலில் மங்குவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். உயிரெழுத்துக்களின் முழக்கம் காதில் விழும். 'ச', 'ட', 'க' போன்ற மெய்களின் கூர்மை விழாது. ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது. வீட்டுக்கு ஒரு சரவுண்ட் றிசீவர் வாங்கும் எண்ணம் எனக்கு இதிலிருந்துதான் பிறந்தது. நண்பர்கள் சிலர் நான் வெடிச்சத்தம் கேட்க ஆசைப்படுவதாகவே நினைத்தார்கள்.

பார்வையாளரைச் சுற்றி ஒலியை அமைக்கும் முயற்சி புதியதல்ல. வோல்ட் டிஸ்னியின் 'பன்டேசியா' 1940 இலேயே அதனைச் செய்துபார்த்தது. 1992 இல் 'பட்மன் றிட்டேர்ன்ஸ்' டொல்பி டிஜிட்டல் முறையில் திரைக்கு வந்தது. கூரையிலிருந்தும் ஒலியைப் பொழியும் டொல்பி அட்மோஸ் 2012 இல் 'பிறேவ்' படத்துடன் அறிமுகமானது. இத்தனை மாற்றங்களுக்கு மத்தியிலும் ஒன்று பெரும்பாலும் மாறவில்லை. கதாபாத்திரங்களின் பேச்சு நடுச்சனலிலிருந்தே வருகிறது. 5.1 என்பதில் முன்னால் மூன்று, பக்கங்களில் இரண்டு, தாழ்ந்த ஒலிகளுக்கு ஒரு சப்வூபர். அந்த முன்மூன்றின் நடுவிலுள்ள ஒற்றை ஒலிபெருக்கியே வசனத்தைச் சுமக்கிறது. றிசீவர் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் தனியாக உயர்த்தலாம். எனக்குத் தேவைப்பட்டதும் அதுவே.

புறக்கோட்டைக் கடையொன்றில் விற்பனையாளர் எனக்கு முதலில் காட்டியது பெட்டியில் அச்சிடப்பட்டிருந்த இலக்கத்தை. "சேர், இது ஆயிரம் வாற்" என்றார். இந்த இலக்கங்களைப் பத்திரிகைத் தலைப்புகளை வாசிப்பதைப் போலவே வாசிக்கவேண்டும். விபரம் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். ஒரேயொரு சனலை மட்டும் இயக்கி, பத்து வீதச் சிதைவுடன், ஒற்றை அதிர்வெண்ணில் அளந்த இலக்கமும் உண்டு. 8 ஓம் சுமையில், இரு சனல்களை ஒன்றாக இயக்கி, 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை அளந்த இலக்கமே ஒப்பிடத்தக்கது. வாற் இரட்டிப்பானால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். எங்கள் வெள்ளவத்தை வீட்டின் பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி முன்னறைக்கு, நேர்மையாக அளந்த எழுபது வாற் தாராளம்.

ரொறன்ரோவிலிருந்து உறவினர் ஒருவர் தனது பழைய றிசீவரை அனுப்பிவைக்க முன்வந்தார். பின்புறத்தைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். 120 வோல்ற் என்று எழுதியிருந்தது. இங்கு மின்சாரம் 230 வோல்ற். தக்க மின்மாற்றி இல்லாமல் செருகினால் கருவி கருகிவிடும். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து இப்படி அன்போடு வந்துசேரும் கருவிகள் பல நம்மவர் வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. அனுப்புபவர்கள் அந்த ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

ஒன்பது சனல் கருவியை விடுத்து, ஐந்து சனல் கருவியொன்றைத் தெரிவுசெய்தேன். மிச்சமான பணம் நல்லதொரு நடு ஒலிபெருக்கிக்குச் சென்றது. தொலைக்காட்சியிலிருந்து ஒலியைத் திருப்பியெடுக்கும் ஈ-ஆர்க் வசதியுள்ள எச்.டி.எம்.ஐ. துளையும், ஒலிவாங்கி மூலம் அறையை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் வசதியும் நான் கட்டாயமாகக் கேட்டவை.

பொருத்துவதற்கு ஒரு நாள் முழுவதும் சென்றது. முன்னிரண்டு ஒலிபெருக்கிகளும் இருக்கையிலிருந்து நடுக்கோட்டுக்கு முப்பது பாகை வீதம் இருபுறமும் அமையவேண்டும். பக்க ஒலிபெருக்கிகள் நூற்றுப்பத்துப் பாகை அளவில், சற்றே பின்தள்ளி. நடு ஒலிபெருக்கியைத் திரைக்குக் கீழே வைத்துக் காதை நோக்கிச் சற்று மேலே சாய்த்தேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று வயர்களை இணைப்பது சிறிய காரியம்தான். ஒன்று தலைகீழானாலும் ஒலி மெலிந்துவிடும். சீமெந்துச் சுவரும் தரையோடும் பேச்சை எதிரொலித்துக் குழப்புவதால், கனத்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் வாங்கினேன். செலவில் மிகக் குறைந்ததும் பயனில் மிகக் கூடியதும் அதுதான்.

ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர் செல்லும். எந்த ஒலிபெருக்கி எவ்வளவு தூரத்தில் என்பதை அறிந்து, அருகிலுள்ளதைத் தாமதப்படுத்துவதற்காகவே அந்த அளவீடு. காலி வீதி பஸ்களும் கடற்கரையோர ரயிலும் அடங்கிய பின், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியை அம்மாவின் கதிரையில் காது உயரத்தில் வைத்து அளந்தேன். எனது கதிரை இரண்டாவதாகத்தான். பின்னர் நடுச்சனலை மட்டும் 3 டெசிபெல் உயர்த்தினேன். உரத்த ஒலியை அடக்கி மெல்லிய ஒலியை உயர்த்தும் இரவு நேர அமைப்பையும் இயக்கினேன். சுவருக்கு அப்பால் அயலவர்கள் இருப்பதால் சப்வூபரைக் குறைத்தே வைத்திருக்கிறேன். மகனுக்கு அதில் மனக்குறை உண்டு.

பழைய தமிழ்ப் படங்களின் ஒலி ஒற்றைத் தடம். அதனை டொல்பி சரவுண்ட் அமைப்பினூடாகச் செலுத்தினால் முழுவதும் நடு ஒலிபெருக்கிக்கே வந்துசேரும். அம்மாவுக்கு மிகத் தெளிவாகக் கேட்பவை இப்போது அந்தப் படங்கள்தான். புதிய படங்களில் முணுமுணுக்கும் நாயகர்கள் இன்னமும் அவருக்குத் தப்பிப்போகிறார்கள். "என்னவாம்?" என்று கேட்பார், சொல்லுவோம். ஆனால் இப்போது எங்களோடு முன்னறையில் இருந்து கேட்கிறார்.

2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. மின்சாரம் திரும்பும் கணத்தின் திடீர் உயர்வைத் தாங்க ஒரு பாதுகாப்புச் செருகியும், றிசீவரின் தலைக்குமேல் காற்றோடச் சாணளவு இடமும் அவசியம்.

றிசீவர் வாங்கச் செல்பவர்கள் இயலுமானால் வீட்டிலுள்ள முதியவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் விமானத் தாக்குதல் காட்சியைத்தான் போட்டுக்காட்டுவார். அதனை நிறுத்திவிட்டு, ஒரு செய்தியறிக்கையைப் போடச் சொல்லுங்கள். கேட்டது விளங்கியதா என்பதை அவரே சொல்லட்டும்.