நடத்துனர்கள் பாடும் நாள்

நடத்துனர் என்றதும் நமக்கு விசிலும் டிக்கெட்டும்தான் நினைவுக்கு வரும். இவர்கள் வேறு. நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து பாடும்போது, எதிரே நின்று கையசைத்துப் பாட வைப்பவர்கள். சேர்ந்திசைக் குழு நடத்துனர்கள்.

இவர்களுக்கும் சங்கம் உண்டு. அமெரிக்கச் சேர்ந்திசை நடத்துனர்கள் சங்கம் 1959ல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு பெரிய நகரில் தேசிய மாநாடு நடக்கும்.

மாநாடு என்றால் மாலை, மேடை, பொன்னாடை என்று நினைத்துவிடாதீர்கள். தேர்வான குழுக்கள் வந்து பாடும். கேட்பவர்கள் பெரும்பாலும் நடத்துனர்களே! ஒரு சுருதி பிசகினாலும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பாடும் பிள்ளைகள் பாவம்தான்.

சரி, வேலையை விட்டுவிட்டு எதற்காக இவ்வளவு தூரம் வருகிறார்கள்? ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர்கள் நான்கு பேர் இருப்பார்கள். சேர்ந்திசைக்குப் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். சந்தேகம் கேட்கவோ, புலம்பவோ பக்கத்தில் ஆள் கிடையாது. மாநாட்டில் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அதே கதை.

2020ல் அந்தத் தனிமை இன்னும் கூடியது. அந்த ஆண்டு மார்ச் 10ல், வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் வெர்னன் பகுதியில் ஒரு குழுவின் ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குக் கொரோனா. இருவர் இறந்துபோனார்கள். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்றானது. 2021 மாநாடு இணையத்தில் நடந்தது. இணையத்தில் சேர்ந்து பேசலாம், சேர்ந்து பாட முடியாது. ஒவ்வொருவர் குரலும் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும்.

2023 பிப்ரவரியில் சின்சினாட்டியில் மறுபடி நேரில் கூடினார்கள். அந்த ஊருக்கும் சேர்ந்திசைக்கும் பழைய உறவு. அங்கே 1873ல் மே மாதச் சேர்ந்திசை விழா தொடங்கியபோது, தகரக் கூரை போட்ட மண்டபத்தில்தான் பாடினார்கள். 1875ல் பெய்த மழையில் கூரைச் சத்தம் பாட்டையே அமுக்கிவிட்டது. ரூபன் ஸ்பிரிங்கர் என்ற வணிகர், ஊராரும் பணம் போட்டால் தானும் பெருந்தொகை தருவதாகச் சொன்னார். 1878ல் மியூசிக் ஹால் எழுந்தது. பாட்டை மழையிடமிருந்து காப்பாற்ற ஓர் ஊரே சேர்ந்து கட்டிய கூரை அது.

இந்த மாநாடுகளில் ஓர் அமர்வு உண்டு. புதிய பாடல்களின் தாள்களை எல்லோர் கையிலும் கொடுப்பார்கள். ஒத்திகை கிடையாது. பார்த்தவுடன் பாட வேண்டும். ஆண்டு முழுக்க மற்றவர்களைப் பாட வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், அன்று தாங்களே நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து பாடுகிறார்கள். தப்பு வந்தால் சிரிக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் மறுபடி ஒற்றை ஆள்தான். ஆனால் கையில் நாலு புதுப் பாட்டு இருக்கும். கூடப் பாட ஆள் இருக்கிறது என்ற தெம்பும் இருக்கும். அடுத்த மாநாடு வரை அது போதும்!