மாப்பிள்ளை காரை மாமனார் ஓட்டலாமா?

ஆம்பூரில் தோல் தொழிற்சாலை சூப்பர்வைசர் அவர். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய மாப்பிள்ளை, "சும்மா நின்னா பேட்டரி போயிடும் மாமா, நீங்களே ஓட்டுங்க" என்று கார் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பஸ் ஏறுவதையே மறந்துவிட்டார்கள். மனைவியை செக்கப்புக்காக வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் காரில்தான். பள்ளிகொண்டா டோல்கேட் வந்தால் பின்சீட்டில் பேத்தி கைதட்டுவாள்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: "மாமா, இன்ஷூரன்ஸ் மாப்பிள்ளை பேர்லதானே இருக்கு? நீங்க ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா பணம் தருவாங்களா?"

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப் செய்து பாலிசியை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன் திரையைப் பெரிதாக்கிப் படித்தார். நம்மில் பலர் பாலிசியில் படிப்பது கடைசித் தேதியை மட்டும்தான்!

முதலில் நிம்மதி வந்தது. நம் நாட்டில் மோட்டார் இன்ஷூரன்ஸ் வண்டிக்குத்தான். 'யார் ஓட்டலாம்' என்ற பகுதியில், உரிமையாளர் மட்டுமல்ல, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவரும் ஓட்டலாம் என்றே இருந்தது. சொந்தக் காரை வாடகைக்கு விடக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால், 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு 'உரிமையாளர் - ஓட்டுநருக்கு' என்று போட்டிருந்தது. அதாவது, மாப்பிள்ளைக்கு. மாமனாருக்கு அதில் பங்கில்லை. இரவல் வண்டி விஷயத்தில் சட்டமும் கறார்தான். கர்நாடகாவில் இரவல் பைக் ஓட்டிப்போன ஒருவர், முன்னால் போன மாட்டுவண்டியில் மோதி இறந்துபோனார். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவர், அதனால் அவர் குடும்பம் 163ஏ பிரிவின் கீழ் இழப்பீடு கேட்க முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

'செல்லுபடியாகும் லைசென்ஸ்' என்ற வார்த்தை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பர்ஸிலிருந்து கார்டை எடுத்துப் பார்த்தார். பழைய விதிப்படி லைசென்ஸ் 20 வருஷத்துக்கு, அல்லது 50 வயது முடியும் வரை. எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. முன்பு காலாவதிக்குப் பிறகு 30 நாள் சலுகை உண்டு. 2019 சட்டத் திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதமாக, பேத்தியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்!

யார் மீதாவது மோதியிருந்தால்? பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தை முதலில் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். 2004-ல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. தப்பு மாமனாருடையது, கடன் மாப்பிள்ளை தலையில்.

காலையில் மாப்பிள்ளைக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னார். "விடுங்க மாமா, ஒண்ணும் ஆகலையே" என்றார் அவர். காலாவதியாகி ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால், மறுபடி ஓட்டிக்காட்டாமலே புதுப்பித்துவிடலாம். நாற்பதைத் தாண்டியவர் என்பதால் டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும். அதற்கு அன்றைக்கே போய்வந்தார்.

மனைவியின் அடுத்த செக்கப்புக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேலூர் பஸ் ஏறினார்கள். "கார் என்னாச்சு தாத்தா?" என்று வாசலிலேயே பேத்தி கேட்டாள். "தாத்தாவுக்கு லைசென்ஸ் வரட்டும்" என்றார்.