வெளிச்சம் அடிக்காத காவல்

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டருக்குள் தருவைகுளம் வந்துவிடும், கடலும் வந்துவிடும். ஆனாலும் எங்கள் கரிசல்காட்டு ஆட்களுக்குக் கடல் என்றால் ஐப்பசி மழை வருகிற திசை, தெருவில் விற்று வரும் கருவாட்டுக் கூடை, அவ்வளவுதான். கடலாமையைப் பற்றித் தாத்தாவுக்குத் தெரிந்தது வேறு விதம். வாலிபத்தில் பருத்தி வண்டியோடு தூத்துக்குடி போனவர், அங்கே ஆமை அறுத்த இடத்தில் டம்ளரில் பிடித்துத் தந்த ரத்தத்தைச் சூடாகக் குடித்திருக்கிறார். உடம்புக்கு உரம் என்று நம்பிக்கை. மன்னார் வளைகுடாவில் பிடித்த பேராமைகள் உயிரோடு இலங்கைக்குப் போன காலம் அது. 1977-ல் கடலாமைகள் எல்லாம் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிய பிறகு அந்த வியாபாரம் மறைவுக்குப் போனது.

அவருடைய பேரன் சென்னையில் ஆமை முட்டைக்குக் காவல் இருக்கப் போனான். தொண்ணூறுகளின் கடைசி. விடுதியில் பக்கத்து அறைக்காரன் நடுச்சாமத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, என்ன களவுக்குப் போகிறான் என்று பின்னாலேயே போனதுதான். மாணவர்கள் 1988-ல் தாங்களாகவே தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அது. சம்பளம் கிடையாது, சான்றிதழ் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. இந்தக் கரையில் இரவு நடைக்கு அதற்கும் முந்திய வரலாறு உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில், ஐஐடியில் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர் படிப்பை விட்டுவிட்டு, ராமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணையோடு சேர்ந்து ஆமை தேடி நடந்தார். பிறகு இந்தியக் கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் தனியாகத் தங்கி, மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் போத்தலில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கை மீனவர் ஒருவர் கையில் அது கிடைத்து, அவர் தபாலில் சேர்த்துவிட்டார். 2023-ல் சதீஷ் இறந்த செய்தியைக் கேட்டபோது நான் உளுந்துக்காட்டில் நின்றிருந்தேன்.

நீலாங்கரையில் இறங்கி பெசன்ட் நகர் வரை நடப்போம். ஏழு கிலோமீட்டர் போல இருக்கும். டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் ஏறுகிற ஆமை திரும்பிவிடும். கொஞ்ச நேரத்தில் கண் பழகி, நுரையின் வெள்ளையே போதும் என்றாகிவிடும். நீர்க்கோட்டிலிருந்து மேலே டிராக்டர் டயர் ஏறிப்போனதுபோல ஒரு தடம் தெரிந்தால் எல்லோரும் நின்றுவிடுவோம். தடம் ஒன்றே ஒன்று என்றால் ஆமை இன்னும் மேலேதான் இருக்கிறது. இரண்டு என்றால் இட்டுவிட்டுப் போய்விட்டது. கட்டுமரத்தடியில் படுத்திருக்கிற பெரியவர் யாராவது தலையைத் தூக்காமலேயே சொல்வார்: “தம்பி, அந்தாண்ட ஒண்ணு ஏறிருக்கு பாரு.”

பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். பின்துடுப்பை அகப்பை மாதிரி வளைத்து மணலை அள்ளி, சிந்தாமல் ஓரமாக வைக்கும். ஒன்றரை அடி ஆழம், வாய் குறுகி அடி அகன்ற குழி. அதற்குள் நூற்றுச் சொச்சம் முட்டை விழும். கண்ணில் நீர் வழிவது உடம்பில் சேர்ந்த உப்பு வெளியேறுவதுதான். தெரிந்தும் மனசு கேட்காது. மூடியபின் உடம்பையே இடமும் வலமும் சாய்த்துத் தொம் தொம்மென்று மணலை இடித்து இறுக்கும். அந்த அதிர்வு நெஞ்சுக்குக் கீழே மணல் வழியாக வரும். இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது, எனக்கு அந்த இடிதான் வேண்டியிருக்கிறது.

ஆமை போனபின் கம்பை ஊன்றிப் பார்ப்போம். பொதபொதவென்று இறங்கும் இடம்தான் குழி. தோள்வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, ஈரமணலோடு துணிப்பையில் வைத்து, பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து, தேதி எழுதி நடுவோம். நாய்க்கும் மனிதருக்கும் தப்பினாலும் நகரத்து விளக்குக்குத் தப்ப முடியாது என்பதால்தான் இத்தனை பாடு. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் ஓடும். கடலுக்குப் பதில் சாலைக்குப் போய்விடும். நாற்பத்தைந்து நாள் தாண்டியதும் குழிமேல் கூடையைக் கவிழ்த்துவைத்துக் காத்திருப்போம். மணல் சூடு முப்பது டிகிரிக்கு மேல் போனால் பெண்குஞ்சு கூடும், குறைந்தால் ஆண். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் புதைத்தால் அவிந்தே போகும்.

இப்போது எனக்கு வேறு காவல். மக்காச்சோளம் பால்பிடித்தால் காட்டுப்பன்றி இறங்கிவிடுகிறது. ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் எந்தக் காட்டுக்காரரைக் கேட்டாலும் இதே பாட்டுதான். பரணில் ஏறி, பெரிய டார்ச்சை நாலாபக்கமும் அடித்து, தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விழித்திருப்பது ஒன்றுதான் பொது. அங்கே ஒன்று வர வேண்டுமென்று இருட்டில் கிடந்தேன், இங்கே வந்துவிடக் கூடாதென்று வெளிச்சம் அடிக்கிறேன். பேச்சுத்துணைக்கு வரும் மாமாவிடம் ஒருநாள் அந்தக் கதையைச் சொன்னேன். “ஆமை முட்டைக்குக் காவலா? அதையும் படிச்ச பிள்ளையள் இருந்திருக்கீய!” என்றவர், சற்றுக் கழித்து, “எத்தன குஞ்சு தேறும் மருமகனே?” என்று விவசாயி கேட்கிற கேள்வியையும் கேட்டார். ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து வந்தால் பெரிசு என்பார்கள் என்றேன். “நம்ம வெதப்பே தேவலயே” என்றார்.

துபாயில் படிக்கும் அக்கா மகள் போன வருசம் பள்ளியோடு கோஸ்டா ரிகா போய்வந்தாள், ஆமைக்குத் தொண்டு செய்ய. கட்டணத்தைக் கேட்டால் இங்கே ரெண்டு ஏக்கர் வெள்ளாமைச் செலவு. எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. படங்களில் அதே பங்குனி ஆமை! ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் ஏறுவதுபோல அங்கே ஒஸ்தியோனலில் கூட்டங்கூட்டமாக ஏறுமாம். ஒடிசாவில் அடையாளத் தகடு மாட்டிவிட்ட ஆமைகள் இலங்கைப் பக்கமும் மன்னார் வளைகுடாவிலும் சிக்கியிருக்கின்றன, நம் தருவைகுளத்துக் கடல்தான் அது என்று அவளிடம் சொன்னேன். “அப்ப மாமா, நீங்க ஏன் இப்பப் போறதில்ல?” என்று கேட்டாள்.

அதற்குப் பஞ்சாங்கம்தான் பதில். ஆமை ஏறுவது தையிலிருந்து பங்குனி வரை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த கரிசலுக்கு அறுப்பும் அப்போதுதான். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோதும், விசைப்படகு வலையில் மூச்சுமுட்டிச் செத்தவை என்று செய்திகளில் பார்த்துக்கொண்டு, சோளக்கதிருக்குப் படுதா தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைக்காரன் தலை நரைத்தும் இன்னும் நடக்கிறான். வருசா வருசம் பொங்கல் கழிந்ததும் போன் வரும்: “ஒரே ஒரு ராத்திரி வந்துட்டுப் போயேன்டா.” கதிரடிக்கிற மிஷின் எங்கள் காட்டுக்கு என்றைக்கு வரும் என்று தெரிந்தால் டிக்கெட் போட்டுவிடலாம். ஏஜெண்ட் நாளைக்கு என்கிறான்.